கேட்வாக் எக்ஸ்டி: கண்ணாடித் தளம் எதை அளக்கும், எதை அளக்காது

தண்டுவடத்தில் அடிபட்ட உங்கள் எலிகள் ஆறாவது வாரத்தில் வயிறு தரையில் உரசாமல் நடக்கின்றனவா? எலியின் நடையை அளக்கும் கேட்வாக் கருவியை வாங்கலாமா என்று யோசிக்கும் ஆய்வகம் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான். நடக்கின்றன என்றால், இந்தக் கருவி தரும் தகவலை வேறு எதுவும் இவ்வளவு சுலபமாகத் தராது. பின்னங்கால்களை இன்னும் இழுத்துக்கொண்டுதான் போகின்றன என்றால் பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வட்டத் தொட்டியும் நன்றாகப் பழகிய இரண்டு ஜோடிக் கண்களும்தான் அப்போது உங்களுக்குத் தேவை.

கேட்வாக் எக்ஸ்டி நெதர்லாந்தின் வாகனிங்கன் நகரிலுள்ள நோல்டஸ் நிறுவனத்தின் தயாரிப்பு. இதன் மூலமுறையை ஹாமர்ஸும் அவருடைய உட்ரெக்ட் குழுவினரும் 2001-ல் வெளியிட்டார்கள், அதுவும் தண்டுவடத்தில் அடிபட்ட எலிகளை வைத்தே. மூட்டுவாதம், பார்க்கின்சன், நரம்பு அறுபடுதல் என்று இன்று பல துறைகளில் ஓடுகிறது. ஆனால் பிறந்த இடம் நம்முடைய துறைதான். இந்த மதிப்புரை தண்டுவடக் காயத்துக்கு மட்டும், அதிலும் பெரும்பாலும் மார்புப் பகுதியில் அடிபட்ட எலிகளுக்கு.

கருவியின் உடல் எளிமையானது. நீளமான கண்ணாடித் தளம், இரு பக்கமும் சுவர், கடைசியில் எலி போய்ச் சேரும் கூண்டு. கண்ணாடியின் விளிம்பு வழியாகப் பச்சை ஒளி உள்ளே செலுத்தப்படுகிறது. கண்ணாடிக்கும் காற்றுக்கும் இடையிலான எல்லையில் அந்த ஒளி முழுவதுமாக உள்ளேயே எதிரொளித்து, வெளியே தப்பாமல் ஓடிக்கொண்டிருக்கும். பாதம் கண்ணாடியைத் தொட்டு அழுத்தும் இடத்தில் மட்டும் அந்த எல்லை மாறிவிடுவதால் ஒளி சிதறிக் கீழே இறங்குகிறது. கீழிருந்து பார்க்கும் கேமரா நொடிக்கு 100 படம் எடுக்கிறது. மேலே இருக்கும் சிவப்பு விளக்குக் கூரை எலியின் உடலை நிழலுருவாகக் காட்டுகிறது. சிவப்புப் பரப்பில் ஒரு கறுத்த உடல், அதற்கடியில் பச்சையாகப் பூத்துப் பூத்து மறையும் பாதங்கள்: திரையில் தெரிவது இதுதான். நல்ல நாளில் ஒவ்வொரு விரல் நுனியையும் தனித்தனியாக எண்ணலாம்.

முன்பெல்லாம் பாதத்தில் மை தடவிக் காகிதத்தில் நடக்கவிடுவார்கள். அடி எங்கே விழுந்தது என்பது மையில் தெரியும். எப்போது விழுந்தது, எவ்வளவு நேரம் ஊன்றியது, எந்தக் கால் எந்தக் காலுக்குப் பிறகு வந்தது என்பது தெரியாது. காலை இழுக்கும் எலியோ தாள் முழுக்க மையைத் தேய்த்துவிடும். கேட்வாக்கின் உண்மையான பலம் நேரம். இடத்தையும் நேரத்தையும் சேர்த்துப் பதிவு செய்வதால்தான் கால்களின் ஒத்திசைவு என்ற, வெறும் கண்ணுக்குப் பிடிபடாத விஷயம் இதில் எண்ணாக மாறுகிறது.

அந்த எண்ணுக்கு என்ன மதிப்பு என்று புரிய, எல்லோரும் பயன்படுத்தும் பிபிபி அளவுகோலோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பாஸோ, பீட்டி, பிரெஸ்னஹான் மூவரும் 1995-ல் வெளியிட்டது. மூவர் பெயரின் முதலெழுத்துதான் பிபிபி. மதிப்பெண் 0 முதல் 21 வரை. சுமார் 90 சென்டிமீட்டர் விட்டமுள்ள, வழுக்காத தரை கொண்ட வட்டத் தொட்டியில் எலியை 4 நிமிடம் விட்டு, எதிரெதிர்ப் பக்கத்தில் இருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். குழந்தைகள் குளிக்கும் பிளாஸ்டிக் தொட்டியே போதும். தரை வழவழப்பாக இருந்தால் நல்ல காலும் சறுக்கும், மதிப்பெண் அநியாயமாகக் குறையும். அந்த ஒன்றை மட்டும் பார்த்து வாங்குங்கள்.

0 முதல் 7 வரை மூட்டுகளின் அசைவு: இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றில் எது அசைகிறது, அந்த மூட்டின் முழு வீச்சில் பாதிக்குக் கீழா, மேலா. 8 முதல் 13 வரை உடல் எடையைத் தாங்குவதும், உள்ளங்கால் பதித்து அடியெடுப்பதும், முன்னங்காலும் பின்னங்காலும் ஒத்துப்போவதும். 14 முதல் நுணுக்கங்கள்: பாதம் உடலுக்கு இணையாக விழுகிறதா அல்லது திரும்பியா, விரல்கள் தரையை விட்டு எழுகின்றனவா, வால் தூக்கியிருக்கிறதா, உடல் தள்ளாடுகிறதா. ‘எப்போதாவது’ என்றால் பாதித் தடவைகளுக்கு மிகாமல், ‘அடிக்கடி’ என்றால் 51 முதல் 94 சதவீதம், ‘எப்போதும்’ என்றால் 95 அல்லது அதற்கு மேல். இந்தச் சொற்களை வாய்ப்பேச்சில் பயன்படுத்துகிற அர்த்தத்தில் எடுத்துக்கொள்வதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

8-க்கும் 9-க்கும் இடையிலான அந்த ஒரு படியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். எலி நிற்கிறது. பின்பாதம் உள்ளங்கால் தரையில் பட, விரல்கள் விரிந்து, சரியாக வைக்கப்பட்டிருக்கிறது. 9 போடலாம்போலத் தோன்றும். தலையைத் தரை மட்டத்துக்கு இறக்கி, வயிற்றுக்கும் தரைக்கும் இடையே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரியவில்லை என்றால் அந்தப் பாதம் வெறுமனே அங்கே கிடக்கிறது, எதையும் தாங்கவில்லை. அது 8. வெளிச்சம் தெரிந்து, பின்னங்கால் விறைத்து, இடுப்பு மேலே எழுந்து நின்றால் அது 9. காகிதத்தில் ஒரே ஒரு மதிப்பெண் வித்தியாசம். உயிருள்ள எலிக்கு அது படுத்துக்கிடப்பதற்கும் எழுந்து நிற்பதற்கும் உள்ள வித்தியாசம். கேட்வாக் எந்த எலிக்குப் பயன்படும் என்ற கோடும் கிட்டத்தட்ட இங்கேதான் விழுகிறது.

ஏனென்றால் எழுந்து நடக்காத எலியைக் கண்ணாடியில் விட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கண்ணாடியை அழுத்தும் எதுவும் பச்சையாக ஒளிரும். வயிறு ஒளிரும், இழுபடும் தொடை ஒளிரும், வால் ஒளிரும், ஆண் எலியின் விதைப்பை ஒளிரும், சொட்டிய சிறுநீர் ஒளிரும். பாதம் மடங்கிப் புறங்கால் தரையில் படுகிறபோது அதுவும் ஒளிரும். அதை மென்பொருள் ஓர் அடியாகவே எண்ணும். மென்பொருளின் தானியங்கி வகைப்படுத்தல் நல்ல எலியில் பெரும்பாலும் சரியாக வரும். அடிபட்ட எலியில் ஒவ்வொரு ஓட்டத்தையும் ஆள் உட்கார்ந்து படம் படமாகத் திருத்த வேண்டும். ‘தானியங்கி’ என்ற சொல்லை நம்பி ஆள் பலத்தைக் குறைத்துத் திட்டமிட்டால் அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். இடது பின்னங்கால் எங்கே முடிகிறது, வயிறு எங்கே தொடங்குகிறது என்று திருத்துபவர் ஊகிக்கும் நிலை வந்துவிட்டால், அந்த ஓட்டத்தை அளவீடு என்று சொல்ல முடியாது. அதை விலக்கிவிடுங்கள், விலக்கியதை எழுதிவையுங்கள்.

அதனால் எங்கள் பரிந்துரை: இருபக்கமும் பிபிபி 10-க்கு மேல், அதாவது எடையைத் தாங்கி உள்ளங்கால் பதித்து நடக்கத் தொடங்கிய பிறகுதான் கண்ணாடி. ஒத்திசைவு வரத் தொடங்கும் 12, 13 பக்கத்தில் கருவி கொடுத்த காசுக்கு உழைக்கும். 18-க்கு மேல் பிபிபியால் இரண்டு எலிகளைப் பிரிப்பது கடினமாகும் இடத்தில், கேட்வாக் இன்னும் வித்தியாசம் காட்டும்.

இப்போது நடைமுறை. அறை இருட்டாக இருக்க வேண்டும். பச்சைப் பாதத்தடம் மங்கலான ஒளிதான், ஜன்னலிலிருந்து வரும் வெளிச்சமோ கணினித் திரையின் வெளிச்சமோ அதைக் கெடுத்துவிடும். எலிக்கும் இருட்டுத்தான் பிடிக்கும், இருட்டில் தயங்காமல் ஓடும். கேமராவின் ஒளிப் பெருக்கம் (gain), பச்சை ஒளியின் அளவு, சிவப்புக் கூரையின் அளவு, எவ்வளவு பிரகாசத்துக்கு மேல் இருந்தால் தடம் என்று கணக்கிடுவது, இந்த நான்கையும் ஆய்வு தொடங்கும் முன் ஒருமுறை அமைத்து எழுதி ஒட்டிவிடுங்கள். கடைசி எலியின் கடைசி நாள் வரை அதைத் தொடக்கூடாது. மூன்றாம் வாரத்தில் ‘தடம் மங்கலாகத் தெரிகிறதே’ என்று யாராவது பெருக்கத்தைக் கூட்டினால், அன்று முதல் எல்லா எலியின் பாதப் பரப்பும் அழுத்தமும் ஒரேயடியாக உயர்ந்து சிகிச்சை வேலை செய்ததுபோலத் தெரியும். அமைக்கும்போது இருப்பதிலேயே கனமான எலியை நடக்கவிட்டுப் பாருங்கள். பிரகாசம் 0 முதல் 255 வரையிலான எண்ணாகத்தான் வருகிறது. கனத்த எலி இன்றே 255-ஐத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் வளர இடமில்லை.

கண்ணாடி சுத்தம் இந்தக் கருவியில் பாதி வேலை. பஞ்சு உதிராத துணியால், ஒவ்வொரு எலிக்குப் பிறகும் துடைத்து முழுக்கக் காயவிட வேண்டும். ஈரம் இருந்தால் பாதம் கூடுதலாக ஒட்டி, தடம் பெரிதாகத் தெரியும். கீறல் விழுந்தால் அது நிரந்தரமாக ஒளிரும் கோடு. நகம் வெட்டாத எலியும் சொரசொரப்பான துணியும் கண்ணாடிக்கு எதிரிகள். வெறும் தளத்தின் படத்தைப் பின்னணியாக மென்பொருள் எடுத்துக்கொள்ளும் என்பதால், ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் துடைத்த பிறகே அந்தப் படத்தை எடுங்கள்.

சிறுநீர்ப்பை விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், கண்ணாடிக்காக மட்டும் இல்லை. தண்டுவடம் அடிபட்ட எலி முதல் வாரங்களில் தானாகச் சிறுநீர் கழிக்காது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை வயிற்றை மெல்ல அழுத்தி வெளியேற்ற வேண்டும். அனிச்சையாகக் கழிக்கும் திறன் திரும்ப ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகலாம். சிறுநீர்ப்பை உப்பிய எலி வலியில் சுருண்டிருக்கும், கால் இழுத்துத் துடிக்கும், நடக்காது. அந்த நேரத்தில் எடுக்கும் அளவு தண்டுவடத்தைப் பற்றியது இல்லை, பராமரிப்பைப் பற்றியது. சோதனைக்கு முன் காலி செய்து, எலி சற்று ஆறியபின் எடுங்கள். சிறுநீரில் ரத்தமோ துர்நாற்றமோ இருந்தால் அன்றைக்கு நடைச் சோதனையைத் தள்ளிவைத்து, முதலில் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். புறங்காலால் நடக்கும் எலியின் பாத முதுகில் புண் வரும். அதையும் தினம் புரட்டிப் பார்க்க வேண்டும்.

பழக்குவதற்கு அறுவைக்கு முன் ஒன்றிரண்டு வாரம் ஒதுக்குங்கள். கடைசியில் சொந்தக் கூண்டை வைத்தால் பெரும்பாலான எலிகள் அதை நோக்கித் தயங்காமல் போகும். இனிப்பு தானியத் துணுக்கு ஒன்று அங்கே காத்திருந்தால் இன்னும் நல்லது. பின்னாலிருந்து தள்ளுவது, வாலைத் தட்டுவது, காற்றூதுவது எதுவும் வேண்டாம். பயந்து ஓடும் எலியின் நடை வேறு. அடிபட்ட எலியில் இது இன்னும் மோசம்: வாலையோ அடிப்பகுதியையோ தொட்டால் காயத்துக்குக் கீழே இருக்கும் நரம்பு வலை தானாகக் கால்களை அடியெடுக்க வைக்கும். தண்டுவடத்தை முழுதாக அறுத்த எலியில்கூட இப்படி அசைவு வரும். மூளையிலிருந்து வந்த கட்டளைபோலத் தெரிந்து ஏமாற்றும். தொட்டியில் பிபிபி பார்க்கும்போதும் இதே விதி. உறைந்து உட்கார்ந்துவிட்ட எலியைத் தூக்கித் தொட்டியின் நடுவில் விடலாம், சீண்டக்கூடாது.

எந்த ஓட்டத்தை ஏற்பது? நிற்காமல், திரும்பாமல், முகர்ந்து பார்க்காமல் கடந்த ஓட்டம் குறைந்தது மூன்று. ஓட்டத்துக்குள் வேக ஏற்ற இறக்கம் 60 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பைப் பலரும் வைக்கிறார்கள், அது நியாயமானதுதான். நேர வரம்பு அரை நொடி முதல் ஐந்து நொடி வரை என்பது நல்ல எலிக்குச் சரி. அடிபட்ட எலி அதைத் தாண்டும். எனவே காயத்துக்குப் பின் எத்தனை நொடி வரை ஏற்போம் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். அளந்து பார்த்த பிறகு தளர்த்தினால், எந்த எலி உள்ளே வர வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுத்ததுபோல ஆகிவிடும்.

கருவி கொடுக்கும் எண்கள் நூற்றுக்கும் மேல். அறிக்கையை முதன்முதலில் திறப்பவருக்கு விருந்துபோலத் தெரியும், உண்மையில் இது கருவியின் மிகப் பெரிய ஆபத்து. எந்தச் சிகிச்சையும் வேலை செய்யாதபோதும், 100 அளவுகளை 0.05 என்ற புள்ளியியல் எல்லையில் சோதித்தால் ஏறக்குறைய 5 அளவுகள் தற்செயலாகவே ‘முக்கியமானவை’ என்று வந்து நிற்கும். அந்த ஐந்தை மட்டும் படமாகப் போட்டால் கட்டுரை தயார். அதில் உண்மை இருக்காது. நான்கைந்து அளவுகளை முன்கூட்டியே எழுதி வையுங்கள், அதோடு நில்லுங்கள்.

எங்கள் தேர்வில் முதலிடம் ஒழுங்குக் குறியீட்டுக்கு. நான்கு பாதங்களும் ஒரு முறை விழுந்தால் ஒரு வரிசை. இயல்பான எலி நடையில் ஏற்கப்படும் வரிசைகள் ஆறே ஆறு. இயல்பான வரிசைகளின் எண்ணிக்கையை நான்கால் பெருக்கி, மொத்தப் பாதப் பதிவுகளால் வகுத்து நூறால் பெருக்கினால் குறியீடு. 16 பாதப் பதிவில் நான்கு வரிசையும் இயல்பு என்றால் 100, மூன்று மட்டும் இயல்பு என்றால் 75. நல்ல எலிக்கு 100-ஐ ஒட்டியே வரும். நான்கு நிமிடத்தில் கண்ணால் பார்த்து ‘ஒத்திசைவு அடிக்கடி’ என்று எழுதுவதில் இருவருக்குள் வரும் வாக்குவாதம் இங்கே கிடையாது. பிபிபியில் 11-லிருந்து 14-க்குப் போவது முழுக்க ஒத்திசைவைச் சார்ந்தது, அந்த இடத்தில்தான் மனிதக் கண் அதிகம் தடுமாறுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே கேட்வாக்கை மதிக்கிறோம்.

ஆனால் குறியீடு வரிசையை மட்டும் பார்க்கும், இடைவெளியைப் பார்க்காது. பின்னங்கால் சரியான முறையில் வந்தாலும் தாமதமாக வந்தால் 100-தான் கிடைக்கும். அதற்குக் கட்ட அளவைச் சேர்த்துப் பாருங்கள்: ஒரு காலின் அடிச்சுழற்சியில் எத்தனையாவது சதவீதத்தில் இன்னொரு கால் விழுகிறது என்பது. நல்ல நடையில் எதிரெதிர் மூலைக் கால்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் விழும், மதிப்பு 0 பக்கம். இடது வலது ஜோடி பாதிச் சுழற்சி தள்ளி, 50 பக்கம்.

பின்னங்கால்களின் இடைவெளி மூன்றாவது. அடிபட்ட எலி கால்களை அகட்டி, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி நடக்கும். தேறும்போது குறுகும். நம்பகமான அளவு. அடி நீளம், ஊன்றும் நேரம், காலை வீசும் வேகம் ஆகியவை நடைவேகத்தோடு சேர்ந்து மாறுபவை. சிகிச்சை பெற்ற எலி வேகமாக நடந்தாலே இவை எல்லாம் ‘முன்னேறிவிடும்’. வேகத்தைக் கணக்கில் சேர்க்காமல் இவற்றைத் தனியே போடும் கட்டுரையை நாங்கள் நம்புவதில்லை. பாதப் பரப்பும் அடி நீளமும் எலி வளர்வதாலும் கூடும். எட்டு வாரத்தில் எலி நன்றாகவே கனத்துவிடும். தண்டுவடத்தை மூடியிருக்கும் முதுகெலும்பு வளைவை மட்டும் அறுவையில் எடுத்து, தண்டுவடத்தைத் தொடாமல் விட்ட குழு ஒன்று பக்கத்தில் இல்லாவிட்டால் வளர்ச்சியையும் தேறுதலையும் பிரிக்க முடியாது.

பிரகாசத்தை ‘அழுத்தம்’ என்று எழுதுவதில் கவனம் தேவை. அதிகம் அழுத்தினால் அதிகம் ஒளிரும் என்பது உண்மை. ஆனால் அது நியூட்டனில் அளந்த விசை ஆகாது. பாதத்தின் ஈரமும் தோலின் தன்மையும் அதில் கலந்திருக்கும். ஒரே எலியின் இடது வலதை ஒப்பிட அருமையானது. காலில் வலி இருக்கும் எலி அந்தக் காலை லேசாக வைப்பது இதில் அழகாகத் தெரியும், தண்டுவடக் காயத்துக்குப் பின் வரும் நரம்பு வலியைத் தேடுபவர்களுக்கு இது உபயோகம். ஆனால் அந்த லேசான அடி வலியாலா, பலவீனத்தாலா என்பதை இது சொல்லாது.

பிபிபியை விட்டுவிடலாமா என்றால், கூடாது. முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பிறகு வாரம் ஒருமுறை என்று தொட்டியில் பார்த்தே ஆக வேண்டும். முதல் நாளிலேயே நன்றாகக் காலசைக்கும் எலிக்கு அடி சரியாக விழவில்லை என்று பொருள். எந்த மதிப்பெண்ணுக்கு மேல் இருந்தால் விலக்குவது என்பதை நெறிமுறைக் குழுவுக்குக் கொடுக்கும் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். சிகிச்சை யாருக்குப் போனது என்று பார்ப்பவருக்குத் தெரியக்கூடாது: கூண்டுக்குக் குறியீடு, எலியின் வாலில் நிறக்கோடு, பட்டியல் மூன்றாவது ஆளிடம். அறை அமைதியாக இருக்கட்டும். விரல் தரையை உரசுவதைக் கண்ணைவிடக் காதுதான் முதலில் பிடிக்கும். நகம் பிளாஸ்டிக்கில் ‘சர்க்’ என்று இழுபடும் அந்தச் சின்னச் சத்தம் குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சலில் தொலைந்துபோனால் 15-க்கும் 18-க்கும் வித்தியாசம் தெரியாது. கணக்குப் போடும்போது ஒன்று: 2-லிருந்து 3-க்கும், 8-லிருந்து 9-க்கும் உள்ள தூரம் சமமில்லை. இவை வரிசை எண்கள். சராசரியின் தசம வித்தியாசத்தைப் பெருமையாகப் போடுவதற்கு முன் ஒவ்வொரு எலியையும் புள்ளியாகப் போட்டுக் காட்டுங்கள்.

சுண்டெலி வைத்திருப்பவர்கள் பிபிபியைப் பயன்படுத்த வேண்டாம். சுண்டெலி தேறும் வழி வேறு. அதற்கென்று பாஸோவும் குழுவினரும் 2006-ல் 0 முதல் 9 வரையிலான தனி அளவுகோல் கொடுத்தார்கள், அது கணுக்காலில் தொடங்குகிறது. கேட்வாக்கில் சுண்டெலி ஓடும், தளத்தின் அகலத்தைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் எடை குறைவு என்பதால் தடம் மங்கல், வேகம் அதிகம், ஏற்கத்தக்க ஓட்டம் கிடைக்க அதிக முயற்சி தேவை. கழுத்துப் பகுதிக் காயம் செய்பவர்களுக்கு இந்தக் கருவி முதல் தேவையாகாது. அவர்கள் அளக்க வேண்டியது முன்னங்கால்களின் பிடிப்பும் உணவை எடுத்து உண்ணும் விதமும்.

கேட்வாக்குக்குப் பணம் இல்லை என்றால் இரண்டு வழி. ஒன்று ஏணி நடை. மெட்ஸும் விஷாவும் 2002-ல் விவரித்தது: ஒரு மீட்டர் நீளம், இரு பக்கமும் தெளிவான அக்ரிலிக் சுவர், 3 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட உலோகக் குச்சிகள். குச்சிகளின் இடைவெளியை மாற்றி மாற்றி வைத்தால் எலி மனப்பாடம் செய்ய முடியாது. ஒவ்வோர் அடிக்கும் 0 முதல் 6 வரை மதிப்பெண்: குச்சியைத் தவறவிட்டு கால் முழுக்க விழுந்தால் 0, பாதத்தின் நடுவால் சரியாகப் பிடித்தால் 6. பக்கவாட்டில் சாதாரணக் கேமரா, மெதுவாக ஓட்டிப் பார்க்க ஓர் ஆள். வழக்கமான ஃபிட்டர் பட்டறையில் ஓரிரு நாளில் செய்துவிடக்கூடியது. சமதளத்தில் ஒழுங்காக நடக்கும் எலியும் ஏணியில் தடுமாறும், ஏனென்றால் குச்சியைத் தேடிப் பாதம் வைக்க மூளையின் கட்டளை இறங்கி வந்தே ஆக வேண்டும். மூளையிலிருந்து வரும் பாதைகள் தேறினவா என்று கேட்பவர்களுக்குக் கேட்வாக்கைவிட ஏணியே நேரடியான பதில் தரும் என்பது எங்கள் கருத்து. எடையைத் தாங்காத எலியை இதிலும் ஏற்றக்கூடாது, கால் குச்சிகளுக்கிடையில் மாட்டிக்கொள்ளும்.

இரண்டாவது, 2018-ல் வெளிவந்த டீப்லாப்கட். இலவச மென்பொருள், குறி ஒட்டாமலே வீடியோவிலிருந்து மூட்டுகளைப் பின்தொடரும். சில நூறு படங்களில் இடுப்பெலும்பு விளிம்பு, இடுப்பு மூட்டு, முழங்கால், கணுக்கால், விரல்நுனி என்று ஆள் குறித்துக் கொடுத்தால் மீதியை அது கற்றுக்கொள்ளும். கேட்வாக் பாதத்தைத்தான் பார்க்கும். மூட்டு எவ்வளவு மடங்கியது என்பது அதற்குத் தெரியாது. அந்த இடத்தை இது நிரப்பும். தெளிவான அக்ரிலிக் பாதை, கீழே 45 பாகையில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று, நொடிக்கு 100 படத்துக்குக் குறையாத கேமரா, நிறைய வெளிச்சம், குறுகிய ஒளிபடு நேரம். கால் வீசும்போது படம் மங்கினால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது. எலியின் முழங்காலில் தோல் எலும்போடு சேர்ந்து நகராமல் வழுக்கும். அதனால் முழங்காலைப் படத்தில் தெரிகிற இடத்தில் குறிக்காமல், இடுப்பு மூட்டு, கணுக்கால் இரண்டின் இடத்தையும் தொடையெலும்பு, கால் எலும்பு நீளத்தையும் வைத்துக் கணக்கிடுங்கள். இதைச் செய்யாத கோண வரைபடங்கள் பார்க்க அழகாக இருக்கும், முழங்கால் கோணம் மட்டும் தவறாக இருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் கேட்வாக்கை வாங்கச் சொல்வோமா? மிதமான அடி, நடந்து தேறும் எலிகள், ஒத்திசைவும் வலியும் ஆய்வின் மையக் கேள்வி, வருடத்துக்குப் பல தொகுதி விலங்குகள், ஓட்டங்களைத் திருத்த நேரமுள்ள ஆள் — இவை எல்லாம் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். ஆறு பேர் கொண்ட புது ஆய்வகம், கடுமையான அடி, ஒரே ஒரு ஆய்வு என்றால் பக்கத்து நிறுவனத்தின் கருவியில் நேரம் கேளுங்கள். விலங்குகளை வேறு கட்டடத்துக்குக் கொண்டுபோகக் குழுவின் அனுமதி தனியாக வேண்டும், போன பிறகு புது அறையில் பழக இரண்டு மூன்று நாளாவது விட வேண்டும். விலை கேட்கும்போது கருவியோடு மென்பொருள் உரிமம் எத்தனை கணினிக்கு, புதுப் பதிப்புக்குத் தனிக் கட்டணமா, கண்ணாடி கீறினால் மாற்றுக் கண்ணாடி எத்தனை நாளில் வரும் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். செயல்முறை விளக்கத்துக்கு விற்பனையாளர் வரும்போது அவர்கள் கொண்டுவரும் வீடியோவில் நல்ல எலி அழகாக ஓடும். அதைப் பார்க்க வேண்டாம். உங்கள் ஆய்வகத்திலேயே, காயம்பட்டு நான்காவது வாரத்தில் இருக்கும் எலி ஒன்றை அதில் நடக்கவிடச் சொல்லுங்கள். அதன் தடங்களை மென்பொருள் எப்படிப் பிரிக்கிறது, திருத்த எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று கைக்கடிகாரம் வைத்துப் பாருங்கள்.